பாறசாலையும் ஸ்காட்லாந்தும்: ஒரு தாலுகா எல்லையின் கதை

2015 மே 8ஆம் தேதி காலை எடின்பரோவில் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் வேலை ஓடவில்லை. முந்தின நாள்தான் பொதுத்தேர்தல். ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56ஐ ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அள்ளியிருந்தது. ஆனால் லண்டனில் 331 இடங்களோடு கன்சர்வேட்டிவ் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. அந்தக் கட்சிக்கு ஸ்காட்லாந்தில் கிடைத்தது ஒரே ஒரு இடம்.

என் இடப்பக்கம் உட்காரும் கிளாஸ்கோக்காரர் கடுப்பில் இருந்தார். "நாங்க எப்படி ஓட்டுப் போட்டாலும் எங்களை ஆள்றது யாருன்னு இங்கிலாந்துதான் முடிவு பண்ணுது" என்றார். எதிரே இருந்த லீட்ஸ்காரர் சும்மா இருக்கவில்லை. "உங்க 56 பேர் வந்து எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சட்டம் போட ஓட்டுப் போடுவாங்க. எங்க ஆள் உங்க ஊர் ஆஸ்பத்திரியைப் பத்தி வாயைத் திறக்க முடியாது. இது மட்டும் நியாயமா?" என்றார். ஐந்து வருஷமாகச் சேர்ந்து காபி குடித்தவர்கள். அன்று ஆளுக்கொரு நேரத்தில் போய்க் குடித்தார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்ட என்னிடம் லீட்ஸ்காரர் கேட்டார்: "உங்க இந்தியாவில இந்த மாதிரி சண்டையெல்லாம் உண்டா?"

நான் சிரித்து வைத்தேன் :-) என்னத்தைச் சொல்ல? எங்கள் பாட்டாவும் வலியமாமாவும் ஒரு தேர்தலுக்குப் பிறகு மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததைச் சொல்வதா? அதற்குத் திருவிதாங்கூரில் ஆரம்பிக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை போதாது. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் வந்தால் வரிசையாக நெய்யாற்றின்கரை, நெய்யாறு தாண்டும் அமரவிளைப் பாலம், உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை. அதோடு கேரளம் முடிந்தது. அடுத்த ஸ்டாப் களியிக்காவிளை, தமிழ்நாடு. பிறகு குழித்துறை, மார்த்தாண்டம். பஸ்ஸில் தூங்குகிறவர்களுக்கு மாநிலம் மாறியதே தெரியாது. கடை போர்டில் எழுத்து மாறும், அவ்வளவுதான். அதுகூடச் சட்டென்று மாறாது. இரண்டு பக்கமும் ஒரு மைல் தூரத்துக்கு இரண்டு எழுத்தும் கலந்து கிடக்கும்.

பாட்டாவின் ஊர் களியிக்காவிளைக்குத் தெற்கே, விளவங்கோடு தாலுகா. பாட்டி பிறந்தது பாறசாலைப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. நடந்தே போய்விடலாம். 1940களில் கல்யாணம் நடந்தபோது இரண்டும் ஒரே ராஜ்யம், ஒரே மகாராஜா. தாலுகா எல்லை என்பது வரி கட்டப் போகும்போது மட்டும் ஞாபகத்துக்கு வரும் விஷயம்.

பேச்சு என்ன மொழி என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். "எனக்க வீடு", "அவன் பறஞ்சான்", "சம்சாரிச்சிட்டு வாறேன்" என்று பேசுவதைச் சென்னைக்காரர் கேட்டால் மலையாளம் என்பார், கோட்டயத்துக்காரர் கேட்டால் தமிழ் என்பார். பாட்டியின் வேதபுத்தகம் தமிழ். பாட்டியின் அண்ணன், நாங்கள் வலியமாமா என்று கூப்பிடுபவர், வாசித்தது மலையாள வேதபுத்தகம். ஒரே லண்டன் மிஷன் சபை, ஒரே சாதி, ஒரே குடும்பம். 1806ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து தொடங்கிய மிஷன் வேலை வடக்கே பரவியபோது தெற்கே தமிழாகவும் போகப்போக மலையாளமாகவும் மாறிக்கொண்டே போனது. எந்த ஊரில் மாறியது என்று கோடு கிழிக்க முடியாது.

ஆனால் 1956ல் கிழித்தார்கள். அதுவரைக்கும் நடந்ததுதான் கதை.

*

திருவிதாங்கூரில் தமிழர்களின் மனக்குறை மொழியில் மட்டும் தொடங்கவில்லை. எங்கள் பக்கத்து நாடார்களுக்கு அரசாங்கம் என்றால் மலையாளம் பேசும் மேல்சாதி அதிகாரி. வரி கேட்கிறவர், அடிக்கிறவர், கோர்ட்டில் உட்காருகிறவர் எல்லாரும் அங்கிருந்துதான். பெண்கள் மேலாடை அணிய 1859 வரை போராடித்தான் மகாராஜாவின் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த நினைவு மூன்று தலைமுறைக்குள் மறந்துவிடுமா?

நேசமணி வக்கீலாக நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போனபோது மேல்சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்ததாகவும், அவர் முக்காலியைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்ததாகவும் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை உண்டு. 1895ல் விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தவர். பின்னாளில் 'மார்ஷல்' நேசமணி.

1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தமிழர்களுக்கென்று ஒரு காங்கிரஸ் தொடங்கப்பட்டது. 1946ல் அதன் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. 1947ல் நேசமணி அதில் சேர்ந்த பிறகு இயக்கம் சூடு பிடித்தது. தமிழர் வாழும் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கேட்டது ஒன்பது தாலுகா: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்.

பட்டியலில் ஐந்தாவதாக நெய்யாற்றின்கரை இருப்பதைக் கவனியுங்கள். எங்கள் பாட்டி பிறந்த தாலுகா.

1948 பிப்ரவரியில் திருவிதாங்கூரில் வயதுவந்த எல்லாருக்கும் ஓட்டுரிமையோடு முதல் தேர்தல் நடந்தது. 120 இடம். திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸுக்கு 97, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 14, முஸ்லிம் லீகுக்கு 9. மொத்தக் கணக்கில் 14 சின்ன எண்தான். ஆனால் அவை வந்தது பெரும்பாலும் ஒரு மூலையிலிருந்து. ராஜ்யம் முழுக்க ஒரு மாதிரி ஓட்டுப் போட்டது, தெற்கு வேறு மாதிரி போட்டது. 2015ல் ஸ்காட்லாந்து வரைபடம் முழுக்க ஒரே மஞ்சள் நிறமாக டிவியில் காட்டினார்களே, அது மாதிரி.

*

வலியமாமாவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவர் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆள். அதுவும் சாதாரண ஆள் இல்லை.

1938ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் பட்டம். சர் சி.பி. ராமசாமி ஐயர் திவான். அந்த வருஷம் ஆகஸ்ட் 31ஆம் தேதி நெய்யாற்றின்கரையில் காங்கிரஸ் தலைவர் கைதானதை எதிர்த்துக் கூடிய கூட்டத்தின்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தது. வீரராகவன் முதலானவர்கள் செத்தார்கள். வலியமாமாவுக்கு அப்போது இருபதைத் தொட்ட வயது. அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஓடி வயலில் விழுந்து இரவு முழுக்கக் கிடந்ததாகச் சொல்வார். பொறுப்பாட்சி, ஜனநாயகம் என்பதெல்லாம் அவருக்குப் புத்தக வார்த்தை இல்லை. அதற்காகப் பக்கத்தில் நின்றவன் செத்ததைப் பார்த்தவர். அப்படிப் போராடி வாங்கிய ராஜ்யத்தை இன்னொரு கூட்டம் 'எங்களுக்கு வேண்டாம், பிரித்துக் கொடு' என்று கேட்டால் எப்படி இருக்கும்?

பாட்டாவோ நேசமணியின் ஆள். கல்யாண வீடு, அடியந்திர வீடு எங்கே சந்தித்தாலும் இரண்டு அளியன்மாரும் இதைத்தான் பேசுவார்களாம். பேசுவது சத்தமாகி, பாட்டி வந்து கூட்டிக்கொண்டு போவது வழக்கமாம்.

இனி கொஞ்சம் கணக்கு. 1949 ஜூலையில் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமானது. 1951-52ல் முதல் பொதுத்தேர்தல். திரு-கொச்சி சட்டசபையில் 108 இடம். காங்கிரஸ் 44தான் பிடித்தது, பெரும்பான்மை இல்லை. தமிழ்நாடு காங்கிரஸுக்கு 8. நேசமணி நாகர்கோவிலிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். ஏ.ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் மந்திரிசபை அந்த எட்டுப் பேரின் ஆதரவையும் நம்பித்தான் நின்றது. உறவு கசந்து, ஆதரவு போனதும் 1953 செப்டம்பரில் மந்திரிசபை விழுந்தது.

எட்டே பேர் ஒரு அரசாங்கத்தைக் கவிழ்த்துவிட்டார்கள்! மலையாளிகள் பக்கம் இது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த மாநிலமே வேண்டாம் என்கிறவர்கள் இந்த மாநிலத்தின் ஆட்சியைத் தீர்மானிக்கிறார்கள். 2015 தேர்தலில் இங்கிலாந்து முழுக்க ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். லேபர் தலைவர் மிலிபாண்டை ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் சாமண்ட் சட்டைப்பையில் வைத்திருப்பது போலப் படம். அதைப் பார்த்ததும் எனக்கு 1953தான் ஞாபகம் வந்தது. பயம் அதேதான்: பிரிந்து போக நினைக்கிறவன் கையில் நம் குடுமியா?

1954ன் தொடக்கத்தில் மறுபடி தேர்தல். 117 இடம். காங்கிரஸ் 45, கம்யூனிஸ்ட் 23, பிரஜா சோஷலிஸ்ட் 19, தமிழ்நாடு காங்கிரஸ் 12, ஆர்.எஸ்.பி. 9, சுயேச்சை 9. எட்டு பன்னிரண்டாகிவிட்டது. ஆனால் இந்த முறை காங்கிரஸ் சுதாரித்துக்கொண்டது. கம்யூனிஸ்டுகள் வந்துவிடக்கூடாது என்று, 19 பேர் மட்டுமே இருந்த பிரஜா சோஷலிஸ்ட் கட்சியை வெளியிலிருந்து ஆதரித்தது. முதல்வர், பட்டம் தாணுப்பிள்ளை. அப்போது அவர் காங்கிரஸை விட்டு சோஷலிஸ்ட் ஆகியிருந்தார்.

தமிழ்த் தாலுகாக்கள் முன்பைவிட அதிகமாக ஓட்டுப் போட்டும் ஆட்சியில் பிடி இல்லாமல் போய்விட்டது. 'நாங்க எப்படி ஓட்டுப் போட்டாலும்' என்று கிளாஸ்கோக்காரர் சொன்னாரே, அதே புலம்பலைப் பாட்டா களியிக்காவிளைச் சந்தையில் புலம்பியிருப்பார். வலியமாமா பாறசாலையில் வெடி போட்டிருக்கிறார். அந்த வெடிச்சத்தம் பாட்டா வீடுவரை கேட்டதாகப் பாட்டி சொல்வார். கேட்டிருக்க முடியுமா தெரியாது. ஆனால் அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. வலியமாமா வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பாட்டா போகவில்லை. பாட்டி மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடந்து போய் வந்தார்.

*

1954 ஜூலையில் தேவிகுளத்தில் தடையை மீறியதற்காக நேசமணி கைது செய்யப்பட்டார். தெற்கே கொதித்தது. ஆகஸ்ட் 11ஆம் தேதியை விடுதலை நாள் என்று அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களின் எண்ணிக்கையில் அரசாங்கம் சொன்னது ஒன்று, ஊர் சொன்னது வேறு. எங்கள் பக்கத்தில் 'பதினொண்ணாந் தேதி' என்றாலே இன்றைக்கும் வயதானவர்களுக்கு அந்தத் தேதிதான்.

பாட்டா மார்த்தாண்டம் ஊர்வலத்தில் இருந்தார். அதற்கடுத்த நாட்களில் போலீஸ் வீடு வீடாக ஆள் பிடித்தது. எங்கே ஒளிவது? திருநெல்வேலிப் பக்கம் தப்பிப் போனவர்கள் உண்டு. பாட்டாவுக்கு அவ்வளவு தூரம் போகக் காசில்லை. மூன்றாம் நாள் ராத்திரி மரச்சீனி விளைகளுக்குள்ளேயே நடந்து பாறசாலையில் வலியமாமா வீட்டுக் கதவைத் தட்டினார். ஆளும் கட்சிக்காரன் வீட்டில் போலீஸ் தேடாது என்று கணக்குப் போட்டாரா, வேறு போக்கிடம் இல்லையா, தெரியாது. கேட்டபோதெல்லாம் பாட்டா சிரித்துவிடுவார்.

வலியமாமா கதவைத் திறந்தார். பார்த்தார். உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பதினோரு நாள் பாட்டா அந்த வீட்டில் இருந்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாடு அத்தை கையால் வரும். கிளம்பும் அன்று அதிகாலையில் வலியமாமா பஸ்ஸுக்குக் காசு கொடுத்துவிட்டுச் சொன்னாராம்:

"அளியா, எனக்க ஆளு சுட்டது தப்பு. நெய்யாற்றங்கரையில சி.பி. சுட்டதும் இதும் ஒண்ணுதான். ஆனா நீ கேக்கியதும் தப்பு. நாளைக்கு நீ கேட்டது கிட்டிப்போச்சுன்னா எனக்க தங்கச்சிய நான் வேற ராஜ்யத்துல கெட்டிக்குடுத்ததா ஆயிடும்."

பாட்டா என்ன பதில் சொன்னார்? "அதுக்குத்தான் நெய்யாற்றங்கரையும் சேத்துக் கேக்கியோம்" என்றாராம் :-)

வலியமாமா மனசில் உறுத்தியதுதான் அகில இந்திய அளவிலும் வெடித்தது. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. அப்போது வேறொரு போராட்டத்துக்காக உத்தரப்பிரதேசத்தில் நைனி சிறையில் இருந்தார். சொந்தக் கட்சியின் அரசு ஜனங்களைச் சுட்டது என்று கேள்விப்பட்டதும் பட்டம் மந்திரிசபை பதவி விலக வேண்டும் என்று சிறையிலிருந்தே சொன்னார். கட்சி ஏற்கவில்லை. லோகியா பொறுப்பை விட்டார். 1955 முடிவதற்குள் அவர் தனிக்கட்சி கண்டார். சுதந்திர இந்தியாவில் எதிர்க்கட்சியாக இருந்தபோது ஒரு நியாயம், ஆட்சிக்கு வந்தால் வேறு நியாயமா என்ற கேள்வியை ஒரு தலைவர் தன் கட்சியைப் பார்த்தே கேட்டது மார்த்தாண்டத்தையும் புதுக்கடையையும் வைத்துத்தான். இதை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளே பலபேர் அறிய மாட்டார்கள்.

*

1955 பிப்ரவரியில் பட்டம் மந்திரிசபை விழுந்தது. பனம்பிள்ளி கோவிந்த மேனன் தலைமையில் காங்கிரஸ் வந்தது. இந்த முறை தமிழ்நாடு காங்கிரஸ் ஆதரவோடு!

இதற்கிடையில் 1953 டிசம்பரில் நேரு அரசு மாநிலச் சீரமைப்புக் கமிஷனை அமைத்திருந்தது. பசல் அலி, எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூன்று பேர். பணிக்கர் மலையாளி. 1955 செப்டம்பர் முடிவில் அறிக்கை கொடுத்தார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை சென்னை மாநிலத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு கேரளத்துக்கே. அங்கே தமிழர் அதிகம் என்றாலும் பெரும்பாலோர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், அந்த மலைகள் கேரளப் பொருளாதாரத்துக்குத் தேவை என்று வாதம். சித்தூரும் நெய்யாற்றின்கரையும் கேரளத்துக்கே.

கமிஷன் பெரும்பாலும் தாலுகாவை அலகாக எடுத்துக்கொண்டு, எந்தத் தாலுகாவில் எந்த மொழி அதிகம் என்று பார்த்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாறசாலையும் களியிக்காவிளையும் பேசுவது ஒரே பேச்சு. ஒரு பக்கம் கணக்கெடுப்பவர் அதைத் தமிழ் என்று எழுதிக்கொள்வார், இன்னொரு பக்கம் மலையாளம் என்று எழுதிக்கொள்வார். பிறகு அந்த எழுத்தை வைத்தே இது தமிழ் ஊர், அது மலையாள ஊர் என்று முடிவாகும்.

இன்னொன்று. ஸ்காட்லாந்தில் 2014ல் ஜனங்களிடம் நேரடியாகவே கேட்டார்கள். பிரிய வேண்டாம் என்று 55 சதவீதம் சொன்னது. இங்கே பாறசாலையிலோ களியிக்காவிளையிலோ யாரையும் கேட்கவில்லை. நம் அரசியல் சட்டத்தின் மூன்றாவது பிரிவுப்படி மாநில எல்லையை மாற்ற நாடாளுமன்றச் சட்டம் போதும். கேட்டிருந்தால் கோடு வேறு எங்காவது விழுந்திருக்குமா? சொல்ல முடியாது. ஆனால் 1948, 1952, 1954 மூன்று தேர்தலும் எங்கள் பக்கத்தில் வாக்கெடுப்பு மாதிரியேதான் நடந்தன. வேட்பாளர் யார் என்று பார்த்துப் போட்ட ஓட்டுகள் அல்ல அவை.

மலையாளிகளின் வலியையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். அரிசிக்குத் தட்டுப்பாடான நாட்டில் 1906ல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் அதன் பாசனமும் கை மாறிப் போகின்றன. மார்த்தாண்ட வர்மாவின் தலைநகரம் பத்மநாபபுரம் போகிறது. பரசுராமன் கதையில் கேரளத்தின் தென்முனை கன்னியாகுமரி. அந்த முனையே போகிறது. 1956 மார்ச்சில் பனம்பிள்ளி மந்திரிசபை கவிழ்ந்ததற்குத் தென் தாலுகாக்களைக் கொடுப்பதை எதிர்த்துக் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் விலகியதும் காரணம். கேரளத்துக்கு வடக்கே மலபாரும் காசர்கோடும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் வீட்டின் ஒரு அறையைக் கொடுத்துவிட்டு இன்னொரு அறை வாங்கினாலும், பிறந்த அறை பிறந்த அறைதானே.

1956 நவம்பர் 1. கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. பாட்டா நாகர்கோவிலுக்குப் போய்விட்டு மறுநாள்தான் திரும்பினார். பாட்டி அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை என்று அப்பா சொல்வார். யாரும் செத்த மாதிரி இருந்ததாம் வீடு.

*

அப்புறம் என்ன நடந்தது? வலியமாமா பயந்தது போல வேலியெல்லாம் வரவில்லை. வேறு விதமாகக் கோடு வேலை செய்தது.

நெய்யாறு அணை இரண்டும் ஒரே மாநிலமாக இருந்த காலத்தில் திட்டமிட்டது. இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகாவுக்கும் வரும். சுமார் 9,200 ஏக்கர். மாநிலம் பிரிந்த பிறகும் பல வருஷம் தண்ணீர் வந்தது. 2004ல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட நதியே அல்ல, முழுக்கக் கேரள நதி என்பது அவர்கள் வாதம். 2012ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பாட்டாவின் வயல் அந்தக் கால்வாயின் கடைசிப் பகுதியில் இருந்தது. இப்போது ரப்பர். பாட்டா போராடி வாங்கிய கோட்டுக்கு அவர் வயல் கொடுத்த விலை அது.

இட ஒதுக்கீடு இன்னொன்று. தமிழ்நாட்டில் எங்கள் அப்பா பிற்படுத்தப்பட்ட வகுப்பு, எந்தச் சபை என்று யாரும் கேட்பதில்லை. பாறசாலை மாமா மக்களுக்கு இந்து நாடார், எஸ்.ஐ.யு.சி. நாடார் என்று தனித்தனிக் கணக்கு. மற்ற சபைக் கிறிஸ்தவ நாடார்களையும் சேர்க்கக் கேரள மந்திரிசபை முடிவெடுத்தது 2021ல்தான். ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள், சர்டிபிகேட்டில் இரண்டு சாதி.

மொழியில் இரண்டு அரசும் ஒரே மாதிரி. 2006ல் தமிழ்நாடு பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. எங்கள் மாவட்டத்து மலையாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017ல் கேரளம் மலையாளத்தைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது. அங்குள்ள தமிழர்கள் முணுமுணுத்தார்கள். 1954ல் நாம் பட்ட அதே மனக்குறையை இன்று நம் பக்கத்தில் வேறொருவர் படுகிறார் என்பதை யோசிக்கக் கொஞ்சம் மனசு வேண்டும்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை ஓட்டு. தமிழுக்காகத் தமிழ்நாட்டோடு சேர்ந்த மாவட்டம், திராவிடக் கட்சிகளுக்கு முழுசாகக் கைகொடுத்ததே இல்லை. தமிழ்நாடு காங்கிரஸ் காங்கிரஸோடு இணைந்தது. 1968ல் நேசமணி இறந்தபின் 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் ஜனங்கள் காமராஜரை டெல்லிக்கு அனுப்பினார்கள். 2021 சட்டசபைத் தேர்தலில் மாவட்டத்தின் ஆறு தொகுதியில் காங்கிரஸ் மூன்று, பா.ஜ.க. ஒன்று, தி.மு.க. ஒன்று, அ.தி.மு.க. ஒன்று. பார்த்தால் கேரளத்து ரிசல்ட்டுக்குப் பக்கத்தில் வைக்கலாம். அந்தப் பக்கம் நெய்யாற்றின்கரையில் 2012 இடைத்தேர்தலின்போது, கம்யூனிஸ்ட் கட்சியை விட்டுக் காங்கிரஸில் நின்று ஜெயித்த ஆர். செல்வராஜைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் நாடார் ஓட்டு எங்கே போகும் என்றுதான் பேசினார்கள். 2011, 2016, 2021 மூன்று முறையும் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு. பாறசாலை மாமா மகன் ஒரு முறை போனில் சொன்னான்: "நம்ம ரெண்டு பேருக்க விரலிலயும் ஒரே மை."

*

இங்கே ஸ்காட்லாந்து எல்லையில் பெரிக் என்று ஒரு ஊர் இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் இடையே பலமுறை கைமாறி 1482ல் இங்கிலாந்தோடு நின்றுபோன ஊர். ஆனால் அந்த ஊர்க் கால்பந்து அணி ஆடுவது ஸ்காட்லாந்துப் போட்டிகளில். போய்ப் பார்த்தபோது எனக்கு நவராத்திரி யாத்திரை ஞாபகம் வந்தது.

வருஷா வருஷம் பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூன்று பேரும் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவார்கள். முதல் ராத்திரி குழித்துறை. மறுநாள் களியிக்காவிளையில் தமிழ்நாடு போலீஸ் வழியனுப்ப, கேரள போலீஸ் வரவேற்கும். இரண்டு பக்கமும் பேண்டு வாத்தியம். பாறசாலையைத் தாண்டி அன்று ராத்திரி நெய்யாற்றின்கரை கிருஷ்ணசாமி கோயில். 1956ல் கோடு போட்ட பிறகும் இது நிற்கவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது இன்றைக்கும் கேரள அரசுதான். அதிலும் யாரும் சண்டைக்குப் போகவில்லை.

பாட்டாவும் வலியமாமாவும் 1956க்குப் பிறகு பேச ஆரம்பித்தது இந்த யாத்திரையில்தான். இருவரும் வேதக்காரர்கள், சாமி கும்பிடப் போகவில்லை. கூட்டம் பார்க்கத்தான். களியிக்காவிளையில் பேண்டு சத்தத்துக்கு நடுவில் வலியமாமா கேட்டாராம்: "அளியா, பாஸ்போர்ட் கொண்டு வந்தியா?" பாட்டா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அந்த இடத்தில் நிஜமாகவே தடுப்பு வைத்து மறித்தார்கள். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்து வீட்டுக்குப் போக பாஸ் காட்ட வேண்டும் என்றார்கள். வலியமாமா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் பாட்டாவுக்குப் போன் போட்டிருப்பார்.

எடின்பரோ அலுவலகத்தில் அந்த இரண்டு பேரும் ஒரு மாதத்துக்குள் மறுபடி சேர்ந்து காபி குடிக்க ஆரம்பித்தார்கள். யார் முதலில் போய்க் கூப்பிட்டது என்று நான் கேட்கவில்லை. 2024 தேர்தலில் அதே ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி 9 இடத்துக்கு இறங்கியது. அன்று காலை கிளாஸ்கோக்காரருக்குக் காபி எடுத்துக்கொண்டு போனது லீட்ஸ்காரர். கேலி ஒன்றும் பண்ணவில்லை. கப்பை மேஜையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.